அம்மா போட்ட லெட்டர்... மனசு மாறிய எம்.எல்.ஏ! அமெரிக்கப் பெண்களுக்கு ஓட்டு வாங்கித் தந்த ஹாரி பர்ன் யார்?

ஒரு ஓட்டுல என்ன ஆகிடப் போகுது என்று அலுத்துக்கொள்பவர்கள் ஹாரி பர்ன் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமை, 24 வயதான இவருடைய ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்த நாள் அது.

ரயில்வேயில் இருந்து சட்டமன்றத்துக்கு!

1895 நவம்பர் 12-ல் டென்னசி மாநிலத்தில், இன்று நியோட்டா என்று அழைக்கப்படும் சின்ன ஊரில் பிறந்தார் பர்ன். அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். பர்னும் ரயில்வேயில்தான் வேலை பார்த்தார். 1918 தேர்தலில் குடியரசுக் கட்சி சார்பில் வென்று, மாநில சட்டமன்றத்தின் மிக இளைய உறுப்பினரானார்.

ஏன் டென்னசி?

பெண்களுக்கு வாக்குரிமை தரும் 19-வது சட்டத்திருத்தம் 1919-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் அது அமலுக்கு வர, 48 மாநிலங்களில் 36 ஒப்புதல் தர வேண்டும். 1920 கோடையில் 35 மாநிலங்கள் ஓகே சொல்லிவிட்டன. மிச்சம் ஒன்று. எல்லார் கண்ணும் டென்னசி தலைநகர் நாஷ்வில் மீது!

ஆதரவாளர்கள் மஞ்சள் ரோஜா அணிந்தார்கள், எதிர்ப்பாளர்கள் சிவப்பு ரோஜா. பர்ன் சட்டையில் இருந்தது சிவப்பு. அவருடைய தொகுதியில் எதிர்ப்பு பலமாக இருந்தது. நவம்பரில் மறுபடியும் தேர்தலைச் சந்திக்க வேண்டும்.

பாக்கெட்டில் இருந்த கடிதம்

ஆகஸ்ட் 18. தீர்மானத்தைக் கிடப்பில் போடலாமா என்று வாக்கெடுப்பு. பேங்க்ஸ் டர்னர் என்ற உறுப்பினர் கடைசியில் ஆதரவாளர்கள் பக்கம் வந்ததால் 48-48 என சமநிலை. மறுபடி எண்ணினாலும் அதேதான். இரண்டு முறையும் பர்ன் எதிர்ப்பாளர்களுடனே நின்றார்.

ஆனால் அவர் பாக்கெட்டில் அம்மா ஃபெப் பர்ன் எழுதிய 7 பக்கக் கடிதம் இருந்தது. பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுக்கும்படி மகனைக் கேட்டிருந்தார் அந்தத் தாய். அவர் பண்ணையில் வேலை பார்த்த, எழுதப் படிக்கத் தெரியாத ஆண்களுக்கு ஓட்டு இருந்தது. நாளிதழ்களை விடாமல் படிக்கும் அவருக்கு இல்லை.

இறுதி வாக்கெடுப்பில் பர்ன் பெயர் வாசிக்கப்பட, ஆதரவு என்றார். அவை அதிர்ந்தது. 49-47!

லஞ்சம் வாங்கினாரா?

உடனே லஞ்சக் குற்றச்சாட்டு கிளம்பியது. மறுநாளே அவைக் குறிப்பில் விளக்கத்தைப் பதிவு செய்தார் பர்ன். வாக்குரிமை பெண்களின் உரிமை என்றே தான் நம்புவதாகவும், அம்மாவின் அறிவுரைதான் மகனுக்குப் பாதுகாப்பானது என்றும் சொன்னார். ஆகஸ்ட் 26-ல் திருத்தம் அதிகாரப்பூர்வமானது. நவம்பர் தேர்தலிலும் பர்ன் ஜெயித்தார்.

ஆனாலும் தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்கள் பலருக்கு ஓட்டு எட்டாக்கனியாகவே இருந்தது. தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு எனப் பல தடைகள். 1965 வாக்குரிமைச் சட்டம் வரும்வரை அவர்கள் போராட வேண்டியிருந்தது.

அப்புறம் என்ன ஆனார்?

வக்கீலானார். 1930-ல் ஆளுநர் பதவிக்கு முயன்றார், கைகூடவில்லை. பிறகு மாநில செனட்டரானார். ராக்வுட் நகரில் ஒரு வங்கியின் தலைவராகவும் இருந்தார். 1977-ல் காலமானார்.

2018-ல் நாக்ஸ்வில் நகரில் அவருக்குச் சிலை வைத்தார்கள். தனியாக அல்ல, பக்கத்தில் அம்மா ஃபெப்பும் இருக்கிறார்.