வளைவை அளந்த அறிஞர்

இத்தாலி நாட்டின் தென்முனையை அடுத்துச் சிசிலி என்னும் தீவு உள்ளது. அத்தீவின் சைரகூஸ் நகரில், கி.மு. 287-ஆம் ஆண்டளவில் ஆர்க்கிமிடீஸ் தோன்றினார். அவர் தந்தையார் பீடியாஸ் வானநூல் வல்லவர். ஆர்க்கிமிடீஸ் பல பொறிகளை அமைத்துப் புகழ் பெற்றார். எனினும், அவர் உள்ளம் பெரிதும் தோய்ந்தது கணிதத்திலேயே ஆகும்.

நேர்கோடுகளால் சூழப்பட்ட பரப்பை முக்கோணங்களாகப் பிரித்து எளிதில் அளக்கலாம். வளைகோட்டால் சூழப்பட்ட பரப்பை எங்ஙனம் அளப்பது? எறிந்த கல் செல்லும் வழியை ஒத்த வளைவைப் பரவளையம் என்பர். அதனை ஒரு நேர்கோடு வெட்டும்போது இடையே அகப்படும் பரப்பை அவர் ஆராய்ந்தார். அக்கோட்டை அடியாகக் கொண்டு, உள்ளே அமையத்தக்க மிகப் பெரிய முக்கோணத்தை வரைந்தார். இருபுறமும் எஞ்சிய துண்டுகளில் அவ்வாறே இரு முக்கோணங்களை வரைந்தார். அவ்விரண்டும் சேர்ந்து முதல் முக்கோணத்தில் கால் பங்காயின. அடுத்து வரைந்த நான்கும் சேர்ந்து அக்காலிற் காலாகிய மாகாணியாயின. இங்ஙனமே தொடர, எஞ்சும் இடம் மேன்மேலும் சுருங்கும். முழுப் பரப்பும் முதல் முக்கோணத்தின் 4/3 மடங்கே என்று அவர் ஐயமற நிறுவினார்.

இவ்விடையை அவர் முதலிற் கண்ட வழி வேறு. உருவத்தை மெல்லிய கீற்றுகளாக எண்ணி, அவற்றைத் துலாக்கோலில் இட்டு மனத்தால் நிறுத்துப் பார்த்தார். அவ்வழி விடையைக் காட்டுமேயன்றி மெய்ப்பிக்காது என்பதை உணர்ந்தே, வேறு சான்றும் தேடினார். ஆயினும், பின்வருவோர்க்குப் பயன்படும் என்று கருதி, அதனை மறைக்காது அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த எரத்தோஸ்தனீசுக்கு எழுதியனுப்பினார்.

கி.மு. 212-இல் உரோமானியர் சைரகூசைக் கைப்பற்றினர். படைத்தலைவர் மார்செல்லஸ் அவரைக் காக்க விரும்பியும், போர்வீரன் ஒருவன் அவரைக் கொன்றான்.

அவர் எழுதிய ஓலைக்கும் இன்னல் நேர்ந்தது. அதன் படியொன்று தோலேட்டில் இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் அவ்வேட்டின் எழுத்துகளை அழித்து, மேலே வழிபாட்டு உரைகளை எழுதிவிட்டனர். 17-ஆம் நூற்றாண்டில் நியூட்டனும் லைப்னிட்சும் தொகை நுண்கணிதத்தை வளர்த்தபோது, அம்முறை அவர்கள் கண்ணிற் படவில்லை. 1906-இல் ஹைபர்க் என்னும் தேனிய நாட்டு அறிஞர், கான்ஸ்டாண்டிநோபிளில் மங்கிய அவ்வெழுத்துகளைக் கண்டு படித்தார்.

இன்று மாணாக்கர் வரையறுத்த தொகையால் வளைகோட்டின்கீழ் அடங்கும் பரப்பைச் சில வரிகளில் காண்கின்றனர். பரப்பை நுண்ணிய கூறுகளாக்கித் தொகுக்கும் அவ்வெண்ணம், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஆர்க்கிமிடீஸின் உள்ளத்தில் அரும்பியதாகும். கண்ட உண்மையோடு அதனைக் கண்ட வழியையும் பிறர்க்கு ஈந்த அவரது பெருந்தகைமை போற்றத்தக்கது.