அல்பிரூனியின் அறிவுத் தோழர்கள்

பேரறிஞர் என்றதும், எவர் துணையுமின்றித் தனியறையில் அமர்ந்து ஆராயும் ஒருவரையே நம் மனம் எண்ணிக் கொள்கிறது. அபூ ரைஹான் அல்பிரூனி அவர்களின் வாழ்வை உற்று நோக்குங்கள். அவ்வெண்ணம் முழு உண்மையன்று என்பது புலனாகும்.

அன்னார் ஹிஜ்ரி 362இல் (கி.பி. 973), இன்றைய உஸ்பெகிஸ்தானில் அடங்கியுள்ள குவாரிஸ்ம் நாட்டில் பிறந்தார்கள். அரச குடும்பத்தைச் சேர்ந்த அபூ நஸ்ர் மன்சூர் என்ற கணித மேதையே அவர்களின் ஆசான்.

ஓர் ஊரின் கிப்லாவைக் கணக்கிட்டு அறிய அதன் தீர்க்கரேகை தெரிய வேண்டும். சந்திர கிரகணம் எங்கும் ஒரே கணத்தில் நிகழ்வது. ஆயினும் ஊருக்கு ஊர் உள்ளூர் நேரம் வேறுபடும். கி.பி. 997 மே 24இல் நிகழ்ந்த கிரகணத்தைக் காத் நகரில் இளைஞர் அல்பிரூனியும், பகுதாதில் முதுபெரும் அறிஞர் அபுல் வஃபாவும் முன்னரே உடன்பட்டுக் கணித்தனர். கிடைத்த வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரம், அதாவது 15 பாகை. கிரகணத்தைக் காண ஒருவர் போதும். இரு நகரங்களின் இடைவெளியை அறியவோ இருவர் வேண்டியிருந்தது.

கி.பி. 1017இல் குவாரிஸ்ம் கஜ்னி சுல்தான் மஹ்மூதின் வசமானபின் கஜ்னிக்கு அழைத்துச் செல்லப்பட்ட அன்னார், சமஸ்கிருதம் பயின்றார்கள். பண்டிதர்களை வினவி அறிந்தே இந்தியாவைப் பற்றிய பெருநூலை எழுதினார்கள்.

தனித்துச் செய்த பணி எதுவுமில்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. கலீபா மஃமூன் காலத்து அறிஞர்கள் குழுக்களாகப் பிரிந்து, சின்ஜார் பாலைவெளியில் நடந்தே பூமியின் ஒரு பாகைத் தொலைவை அளந்தனர். அல்பிரூனியும் அவ்வாறே அளக்க விழைந்தார்கள், துணைபுரிவோர் வாய்க்கவில்லை. பின்னர், இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனாக் கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை அளந்து, உச்சியிலிருந்து தொடுவானம் தாழ்ந்து தோன்றும் கோணத்தையும் கண்டு, அவ்விரண்டைக் கொண்டே பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார்கள்.

அடுத்து அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். தம் முடிவை மஃமூன் குழுவினரின் முடிவோடு ஒப்பிட்டார்கள், இரண்டும் நெருங்கியிருந்தன. எனினும், அக்குழுவினரின் கருவிகள் நுட்பமானவை, உழைப்பு மிகுதி என்று கருதி, அவர்களின் அளவையே ஏற்றுக்கொண்டார்கள். சொந்தக் கண்டுபிடிப்பைப் பெரிதென நாட்டுவது அவர்களின் நோக்கமாயிருக்கவில்லை.

முதுமையில் தம் நூல்களுக்குப் பட்டியல் வகுத்தபோது, தம் பெயரால் பிறர் எழுதியவற்றையும் தனியே குறித்தார்கள்: ஆசான் அபூ நஸ்ர் எழுதியவை 12, கிறிஸ்தவ மருத்துவரான நண்பர் அபூ ஸஹ்ல் எழுதியவை 12.

வாசகர்களே! தனித்து உழைக்கும் உறுதியும் வேண்டும். பிறர் உழைப்பை ஒப்புக்கொள்ளும் நேர்மையும் வேண்டும். பிள்ளைகளை முதல்வராக வரத் தூண்டும் நாம், உடன் பயில்வோருக்குரிய பங்கை மறைக்காதிருக்கவும் அவர்களுக்குக் கற்பிப்போமாக!