கக்கன் என்றொரு மந்திரி



மன்னன் எவ்வழி மக்கள் அவ்வழி என்பார்கள். இன்று எங்கு பார்த்தாலும் பொய், எதற்கெடுத்தாலும் லஞ்சம். கேட்டால், மேலே இருக்கிறவனே வாங்குறான், கீழே இருக்கிறவன் வாங்கினா என்ன என்கிறார்கள். நம் எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி ஓட்டும் அண்ணன்களைக் கேளுங்கள். செலவுக் கணக்கில் டீசலுக்கு அடுத்த வரி மாமூல்தான்!

மேலே இருந்தும் வாங்காத ஒருவர் நம் தமிழ்நாட்டில் வாழ்ந்தார். அவர்தான் பி. கக்கன்.

மதுரை மாவட்டம் மேலூர் அருகே தும்பைப்பட்டியில், தாழ்த்தப்பட்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1939-ல் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் இவரும் ஒருவர். வெள்ளையனை எதிர்த்துச் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார். 1952-ல் எம்.பி. ஆனார். 1957 முதல் 1967 வரை பத்து ஆண்டுகள் மந்திரி. பொதுப்பணி, விவசாயம், உள்துறை என்று பெரிய இலாகாக்கள் எல்லாம் அவர் கையில் இருந்தன.

அவர் குறையே இல்லாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. 1965 மொழிப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது உள்துறை மந்திரி அவர்தான். அந்தக் கோபம் மாணவர்களுக்கு இருந்தது. 1967 தேர்தலில் மேலூரில் தோற்றார். ஆனால் அவர் காசு சேர்த்தார் என்று எதிர்க்கட்சிக்காரர்கூட சொன்னதில்லை. பதவி போனபின் வாடகை வீட்டில் இருந்தார், பஸ்ஸில் போய் வந்தார். உடம்பு முடியாமல் மதுரை அரசு ஆஸ்பத்திரியில் பொது வார்டில் கிடந்தார். வேறொருவரைப் பார்க்க வந்த முதல்வர் எம்.ஜி.ஆர். விஷயம் தெரிந்து பதறிப்போனார். அதன் பிறகுதான் அரசு உதவி கிடைத்தது. 1981-ல் காலமானார்.

இந்தக் கதையை எங்கப்பாவிடம் சொன்னேன். அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் சேர்வதற்கு வேண்டிய ஒரு சான்றிதழுக்காக இரண்டு நாள் கூலியைக் கப்பம் கட்டியவர் அவர். எல்லாம் கேட்டுவிட்டு, நேர்மையா இருந்து அவருக்கு என்னப்பா கெடைச்சுது என்று ஒரே கேள்விதான் கேட்டார்.

நியாயமான கேள்வி. பல நாள் யோசித்தேன். கக்கனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லைதான். அது அவர் குற்றமில்லை. நல்லவரைப் பொது வார்டில் மறந்துவிட்டு, 1999-ல் தபால் தலை வெளியிட்டு வணங்கிய நம் குற்றம். அதைப் பார்க்கிற இளைஞன் என்ன பாடம் கற்பான்? ஆனால் ஒன்று. 1959-ல் வைகை அணை திறக்கப்பட்டபோது பொதுப்பணித் துறை மந்திரி அவர்தான். எத்தனை கோடி கைமாறும் துறை அது! அதிலிருந்து வெறுங்கையோடு வெளியே வந்தார். ஊர்ப் பணம் ஊருக்கே இருந்தது. கெடைச்சது அவருக்கில்ல, நமக்கு!

சிவில் படிக்கும் நண்பர்களே, நாளை நாம் சைட்டுக்குப் போவோம். எம்-புக்கில் அளவு எழுதுவோம், சிமென்ட் மூட்டை எண்ணுவோம், கூலிப் பட்டியலில் கையெழுத்துப் போடுவோம். அங்கே கல் சுமக்கிற சித்தாளுக்கு மந்திரியும் தெரியாது, கலெக்டரும் தெரியாது. அவளைப் பொறுத்தவரை மேலே இருக்கிறவர் என்றால் அது நாம்தான்!