பிடிச்ச கவிஞரின் பெயரையே தன் பெயராக்கிய வாத்தியார்!

வில்லியனூர்லயோ பாகூர்லயோ பஸ் ஏறி, தினமும் புதுச்சேரிக்குப் படிக்கவோ வேலைக்கோ போறவரா நீங்க? பிடிச்ச எழுத்தாளரோட வரியை ஸ்டேட்டஸா வெச்சிருப்பீங்க. சிலர் அவரோட போட்டோவையே டிபி-யா வெச்சிருப்பீங்க. நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இதையெல்லாம் தாண்டிப் போனார். பிடிச்ச கவிஞரோட பெயரையே தன் பெயராக்கிக்கிட்டார்.

அவர் கனக சுப்புரத்தினம். 1891 ஏப்ரல் 29-ல் புதுச்சேரியில் பிறந்தவர். அப்போ வில்லியனூர், பாகூர் உட்பட மொத்தப் பகுதியும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. புலவர்களிடம் இலக்கணம், இலக்கியம் கற்றுத் தேறியவர், 1909-ல் காரைக்கால் பக்கம் நிரவியில் தமிழ் ஆசிரியரானார். அப்போ அவருக்கு 18 வயசு. கவிதையும் எழுதுவார். ஆனா, அது படிச்ச புலவர்களுக்கு மட்டுமே புரியுற தமிழ்.

1908-ல் பிரிட்டிஷ் போலீஸிடமிருந்து தப்பி புதுச்சேரிக்கு வந்து சேர்ந்திருந்தார் பாரதியார். ஒரு கல்யாண வீட்டுல சுப்புரத்தினம் பாரதியின் பாட்டு ஒண்ணை உணர்ச்சியோட பாடுறார். எதிர்ல உட்கார்ந்து கேட்டுட்டு இருந்தவர்தான் பாரதின்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சப்போ எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க!

அந்தப் பழக்கம் வளர்ந்தது. ஒருநாள் நண்பர்கள் முன்னாடி ஒரு பாட்டு எழுதச் சொன்னார் பாரதி. சுப்புரத்தினம் சக்தியைப் பற்றி எழுதிக் கொடுத்தார். அவர் தன்னுடைய கவிதை வட்டத்தைச் சேர்ந்தவர்னு குறிப்பு போட்டு, அதை `சுதேசமித்திரன்' பத்திரிகைக்கு அனுப்பிவெச்சார் பாரதி. எளிய மக்களுக்கும் புரியும்படி எழுதுறதை அவரிடமிருந்துதான் சுப்புரத்தினம் கத்துக்கிட்டார். பாரதிதாசன் ஆனார்.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய பாரதி, கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். 1921-ல், 38 வயசுல இறந்தும் போனார். குரு இல்லை. இனி சீடர் என்ன செய்வார்?

இங்கேதான் கதை திரும்புது. 1926-ல் மயிலம் முருகனைப் பாடி ஒரு நூல் வெளியிட்டவர், அடுத்த சில வருஷங்கள்ல பெரியாரின் சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார். கடவுள் நம்பிக்கையை விட்டார். பாரதியோ கடைசிவரை சக்தியை வணங்கியவர். இனியும் எதுக்கு அந்தப் பெயர்னு இயக்கத்துக்குள்ளேயே கேள்வி வந்தது. பாரதி பிறந்த சாதியையும் சுட்டிக்காட்டினாங்க.

அவர் பெயரை மாத்திக்கலை. சாதியை மறுத்ததும், பெண் விடுதலையைப் பேசினதும், எளிய தமிழில் எழுதினதும் பாரதியிடம் அவர் மதிச்ச விஷயங்கள். அதையெல்லாம் எடுத்துக்கிட்டார். ஒத்துவராத பக்தியை விட்டுட்டார். பாரதி மாதிரியே எழுதிட்டு இருந்திருந்தா, இன்னைக்கு அவரை ஒரு நகலா மட்டும்தான் பார்த்திருப்போம்.

இன்னொரு சுவாரஸ்யம் தெரியுமா? பாரதியும் இதே வேலையைச் செஞ்சவர்தான். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி மேல இருந்த பிரியத்தில் ஷெல்லிதாசன்னு பெயர் வெச்சு எழுதினார். பின்னாளில் ராஜகோபாலன்னு ஒரு இளைஞர், பாரதிதாசன் மேல உள்ள பற்றில் சுப்புரத்தினதாசன் ஆனார். அதைச் சுருக்கினதுதான் சுரதா! ஆனா, மூணு பேர்ல யாருமே தன் ஆசானைப் போல எழுதலை.

37 வருஷம் வாத்தியாரா இருந்து 1946-ல் ஓய்வு பெற்ற பாரதிதாசன், 1955-ல் புதுச்சேரி சட்டமன்றத்துக்கும் போனார். 1964 ஏப்ரல் 21-ல் சென்னையில் காலமானார். `பிசிராந்தையார்' நாடகத்துக்கான சாகித்ய அகாடமி விருது, அவர் மறைவுக்குப் பிறகுதான் வந்தது.

அவர் வாழ்ந்த வீடு பெருமாள் கோவில் தெருவில் இப்போ நினைவு அருங்காட்சியகமா இருக்கு. அடுத்த முறை டவுனுக்கு வரும்போது ஒரு எட்டு போய்ப் பாருங்க. அப்படியே உங்களுக்குப் பிடிச்ச எழுத்தாளரிடம் உங்களுக்கு ஒத்துவராத ஒரு விஷயத்தையும் யோசிச்சு வைங்க. பாரதிதாசன் எழுத ஆரம்பிச்சது அங்கிருந்துதான்னு இல்லை. ஆனா, தனி ஆளா நின்னது அங்கிருந்துதான்.