ஆயர் பென்சிகர்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் தொடர்வண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழையுமுன் கடைசியாக நிற்கும் கேரள நிலையம் பாறசாலை. அதற்கு வடக்கே நெய்யாறு பாயும் வழியில் நெய்யாற்றின்கரை உள்ளது. இப்பகுதிச் சிற்றூர்களில் ஒரே தெருவில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும். பலராமபுரத்தில் கைத்தறி நெய்வோரின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களே.

மாநில எல்லை 1956ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அதற்கு முன் இவ்வூர்களும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் திருவிதாங்கூர் அரசில் இருந்தன. நூறாண்டுகளுக்கு முன், இந்நிலப்பகுதியின் இலத்தீன் வழிபாட்டுக் கத்தோலிக்கருள் பலர் கொல்லம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். 1905 முதல் 1931 வரை அதன் ஆயராக விளங்கியவர் அலோசியஸ் மரிய பென்சிகர்.

அவர் 1864 ஜனவரி 31 அன்று சுவிட்சர்லாந்தில் ஐன்சீடெல்ன் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அடெல்ரிக். பென்சிகர் குடும்பத்தார் அச்சுத் தொழிலில் புகழ்பெற்றவர்கள்; சமய நூல்களையும் திருவுருவப் படங்களையும் அச்சிட்டு, கடல் கடந்து நியூயார்க் நகரிலும் கிளை நடத்தியவர்கள். அத்தொழிலில் அமர்ந்திருந்தால் வாழ்நாள் முழுவதும் வளமாக இருந்திருக்கலாம். அவரோ பெல்ஜியம் நாட்டில் கார்மேல் துறவற சபையில் சேர்ந்து, அலோசியஸ் மரிய என்னும் துறவறப் பெயரை ஏற்றார். 1890ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தார். வராப்புழைக்கு அருகிலுள்ள புத்தன்பள்ளிக் குருமடத்தில் சில காலம் கற்பித்தார். 1900ஆம் ஆண்டில் கொல்லத்தின் இணை ஆயராக நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது 36.

கொல்லத்திலிருந்து கன்னியாகுமரி வரை நீண்டது அவர் பொறுப்பு. திருவனந்தபுரத்துக்குத் தொடர்வண்டி வந்ததே 1918இல்தான். அங்கிருந்து பாறசாலை வழியாக நாகர்கோவிலுக்கு இருப்புப்பாதை அமைய 1979ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே தென்பகுதிச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியும் கால்நடையுமே வழி. அங்கு வாழ்ந்தவர்களுள் பனையேறுவோர், வயற்கூலிகள், மீனவர் ஆகியோர் மிகுதி. வறுமையைவிடக் கொடியதாக அவர்களை அழுத்தியது சாதி வேற்றுமை.

அந்த அழுத்தம் எத்தகையது என்பதை அந்நாளில் நெய்யாற்றின்கரை வட்டத்தில் இருந்த ஊரூட்டம்பலம் காட்டும். ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவரான ஐயன்காளி, பஞ்சமி என்னும் சிறுமியை அவ்வூர் அரசுப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். ஒரு சிறுமி வகுப்பில் அமர்ந்ததைப் பொறுக்கமாட்டாதவர்கள் அப்பள்ளியையே தீக்கிரையாக்கினர். பென்சிகர் ஆயராக இருந்த காலத்தில் நிகழ்ந்தது இது.

அத்தகைய சூழலில் கோயிலுக்கு அருகே ஒரு பள்ளி என்னும் வழக்கம் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறியும் வாயிலாயிற்று. மலையாளத்தில் ‘பள்ளி’ என்றால் கிறித்தவக் கோயிலையோ மசூதியையோ குறிக்கும். ‘பள்ளிக்கூடம்’ என்பதே கல்விச்சாலை. தமிழ்ப் பிள்ளைகள் இவ்வேற்றுமையை அறிந்திருப்பது நன்று. இல்லையேல், ஒருவர் பள்ளிக்குப் போகிறேன் என்று சொல்லும்போது பொருள் பிறழ்ந்துவிடும். கிறித்தவக் கோயில்களுக்குள் சாதி வேற்றுமை முற்றிலும் ஒழிந்திருந்தது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை அச்சிற்றூர்களில் உருவானது.

பென்சிகரின் பணிகளுள் மிகப் பெரும் பயன் விளைத்தது மருத்துவத் துறையில் நிகழ்ந்தது. அந்நாளில் அரசு மருத்துவமனைகளில் மருத்துவர் இருந்தனர், மருந்தும் இருந்தது. ஆனால் பயிற்சி பெற்ற செவிலியர் இல்லை. நோயாளியின் புண்ணைக் கழுவுவதும் அழுக்குத் துணியை மாற்றுவதும் இழிந்த வேலையாக எண்ணப்பட்டன. யார் என்றே தெரியாத ஒருவரைத் தொட்டுத் துடைக்க, நல்ல குடும்பத்துப் பெண்கள் முன்வருவார்கள் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. திருவிதாங்கூர் அரசின் விருப்பத்திற்கிணங்க, பென்சிகர் தம் தாய்நாட்டின் உதவியை நாடினார். மென்சிங்கன் என்னும் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட திருச்சிலுவைச் சகோதரிகள் 1906ஆம் ஆண்டில் வந்து, திருவனந்தபுரம் அரசு மருத்துவமனையில் பணியேற்றனர். வெப்பமும் மொழியும் உணவும் அவர்களுக்குப் புதியவை. சாதி கேளாமல் படுக்கைதோறும் சென்று நோயாளிகளைப் பேணினர்.

நாளடைவில் இம்மண்ணின் பெண்களும் அத்தொழிலைக் கற்கத் தொடங்கினர். இன்று உலகின் எந்த மூலையிலுள்ள மருத்துவமனையிலும் கேரளச் செவிலியரைக் காணலாம். அந்த நெடும்பாதையின் தொடக்கத்தில் அச்சகோதரிகளும் நிற்கின்றனர். நாகர்கோவிலில் 1965ஆம் ஆண்டு தொடங்கிய ஹோலி கிராஸ் மகளிர் கல்லூரியும் அதே சபையினர் நடத்துவதே.

அதிகாரத்தில் இருப்போர் தம் எல்லையை விரிக்க விரும்புவது உலக இயல்பு. பென்சிகர் காலத்திலோ அவர் மறைமாவட்டம் சுருங்கியது. 1930 மே மாதத்தில் அதன் தென்பகுதி பிரிக்கப்பட்டு, தமிழ் மக்களுக்கெனக் கோட்டாறு மறைமாவட்டம் அமைந்தது. தம் மொழியில் தம் குறையைச் சொல்ல அம்மக்களுக்கு அருகிலேயே ஓர் ஆயர் கிடைத்தார். மாநில எல்லை வருவதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்பே, மொழிவழியான ஓர் எல்லை இவ்வாறு தோன்றிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 20 அன்று, மலங்கரை யாக்கோபியத் திருச்சபையைச் சேர்ந்த மார் இவானியோசும் அவருடன் வந்த நால்வரும் கொல்லத்தில் பென்சிகர் முன்னிலையில் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தனர். சீரோ மலங்கரைத் திருச்சபை அன்று உருவாயிற்று. பாறசாலையைத் தலைமையிடமாகக் கொண்டு 2017ஆம் ஆண்டில் தொடங்கிய மறைமாவட்டம் அதைச் சேர்ந்ததே.

நெய்யாற்றின்கரைக்கு 1996ஆம் ஆண்டில் தனி இலத்தீன் மறைமாவட்டம் கிடைத்தது. அதன் சமூகப்பணி அமைப்பு நெய்யாற்றின்கரை ஒருங்கிணைந்த வளர்ச்சிச் சங்கம். இத்தகைய சங்கங்களின் பணியில் சுயஉதவிக் குழுக்களுக்கு முதன்மையான இடம் உண்டு. பத்து முதல் இருபது பேர் ஒரு குழுவாகிச் சிறு தொகையைத் தவறாமல் சேமிப்பர். கணக்கைத் தாமே எழுதுவர். சேமிப்பு ஒழுங்காக இருந்தால் வங்கியும் அக்குழுவுக்குக் கடன் தரும். கோழி வளர்க்கவோ தையல் இயந்திரம் வாங்கவோ கந்துவட்டிக்காரரிடம் கைநீட்ட வேண்டியதில்லை. கணக்கெழுதத் தெரிந்தோர் ஊரில் இல்லையெனில் இம்முறை ஒரு மாதம்கூட நடவாது. அவ்வகையில் பழைய கோயிற்பள்ளிகள் இன்றைய சேமிப்புப் புத்தகத்திலும் பயன் தருகின்றன.

பென்சிகர் 1931ஆம் ஆண்டில் ஆயர் பொறுப்பைத் துறந்தார். பேராயர் என்னும் சிறப்புப் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. சுவிட்சர்லாந்துக்குத் திரும்பிச் சென்றிருக்கலாம். அவர் அதை நாடவில்லை. திருவனந்தபுரம் கார்மேல் குன்றிலுள்ள துறவு மடத்தில் துறவிகளுள் ஒருவராக வாழ்ந்து, 1942 ஆகஸ்ட் 17 அன்று காலமானார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் கொல்லத்தில் அவர் பெயரால் ஒரு மருத்துவமனை எழுந்தது.