போலி வைட்டமினால் கேன்சரை மடக்கியவர்... யார் இந்த எல்லப்பிரகட சுப்பாராவ்?

கர்ப்பிணிகளுக்குத் தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை, யானைக்கால் நோயைத் தடுக்க வீடு வீடாக வந்து கொடுக்கும் டிஇசி மாத்திரை, முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்சேட். மூன்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே ஆளின் ஆய்வுக்கூடம். ஆனா, அவர் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது.

சென்னையில் படிப்பு

அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895-ல் பிறந்தவர் சுப்பாராவ். பள்ளி இறுதித் தேர்வில் தேறியது மூன்றாவது முயற்சியில்தான். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பை ஏற்று, அறுவை சிகிச்சைக் கூடத்துக்கும் கதர் உடையிலேயே போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கல. விளைவு, முழு எம்பிபிஎஸ் பட்டத்துக்குப் பதில் அதற்கும் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்.

இதற்கிடையே ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு சகோதரர்கள் இருவரை அடுத்தடுத்து பறிகொடுத்தார். உணவில் இருக்கும் சத்தை உடம்பு உறிஞ்ச விடாத நோய் அது. அவரையும் அது விட்டுவைக்கவில்லை, ஆனால் பிழைத்துக்கொண்டார்.

பாஸ்டனில் என்ன செய்தார்?

1920-களின் தொடக்கத்தில் கர்ப்பிணி மனைவியை விட்டுவிட்டு அமெரிக்கா போனார். செலவுக்கு மருத்துவமனையில் இரவு வேலை. ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து, உடம்பின் ஆற்றல் நாணயமான ஏடிபி-யைக் கண்டறிந்தார். அறிவிப்பு வந்தது 1929-ல். அதே ஆண்டு ஜெர்மனியின் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டுபிடித்தார். இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் நிரந்தரப் பணி கிடைக்கல. 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்கு மாறினார்.

அசலும் போலியும்

நம் உடம்பில் வேதிவினைகளை வேகப்படுத்துபவை நொதிகள். பல நொதிகளால் தனியாக வேலை செய்ய முடியாது. கூடவே ஒரு சின்ன கரிம மூலக்கூறு வேணும். அதுதான் துணை நொதி. பல வைட்டமின்களின் வேலையே துணை நொதியாக மாறுவதுதான். ஃபோலிக் அமிலமும் அப்படித்தான். ஒரு நொதி அதை மாற்றிக் கொடுத்தால்தான், புது செல்லுக்கான டிஎன்ஏ உருவாகும்.

சுப்பாராவ் குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளின் ரத்தசோகைக்கு அது மருந்தானது. ஆனால் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் வேறொன்றைக் கவனித்தார். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகை மருந்து கொடுத்தபோது, நோய் இன்னும் வேகமெடுப்பதுபோல் தெரிந்தது.

அப்போ, அதைத் தடுத்தால்? சுப்பாராவ் குழு ஒரு போலியைச் செய்தது. பெயர் அமினோப்டெரின். பார்க்க அசல் ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும், சில அணுக்கள்தான் வேறு. நொதி ஏமாந்து இதைப் பிடித்துக்கொள்ளும், பிறகு எளிதில் விடாது. பூட்டுக்குள் சிக்கிய தப்பான சாவி மாதிரி. டிஎன்ஏ வேலை நின்றுபோனால் புற்றுசெல் பெருக முடியாது.

1948 ஜூனில் ஃபார்பர் முடிவை வெளியிட்டார். சிகிச்சை பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம். அது தற்காலிகம்தான். ஆனால் அதுவரை டாக்டர்கள் கைவிரித்த நோய் அது. நவீன கீமோதெரபியின் தொடக்கங்களில் ஒன்றாக இது இன்றும் பேசப்படுகிறது. அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட்.

திரும்பாத பயணம்

அந்த முடிவு வந்த இரண்டே மாதத்தில், 53 வயதில் சுப்பாராவ் இறந்துபோனார். ஊருக்குத் திரும்பவே இல்லை. அவர் போன பிறகு பிறந்த மகன் கைக்குழந்தையாகவே இறந்துவிட்டான், அவனை அவர் பார்த்ததில்லை. நோபல் பரிசும் கிடைக்கவில்லை. அவர் குழு தந்த மெத்தோட்ரெக்சேட், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இன்றும் இருக்கிறது.