விளையாட்டாகவே உலகை வென்ற இஞ்சினீயர்

வேலை நேரத்தில் விளையாடிக்கொண்டிருக்கும் சிப்பந்தியை முதலாளி பார்த்துவிட்டால் என்ன செய்வார்? அன்றே சீட்டைக் கிழிப்பார். ஆனால், அப்படி விளையாடி அகப்பட்டுக்கொண்டதனாலேயே பெரும் பதவிக்கு வந்தார் ஒருவர். உலகமெங்கும் கோடிக்கணக்கான சிறுவர்களின் கைகளில் விளையாட்டுப் பெட்டியைக் கொடுத்தார். அவர்தான் ஜப்பான் தேசத்து குன்பெய் யோகோய்.

சீட்டுக்கட்டுத் தொழிற்சாலையில்

ஜப்பானின் பழைய தலைநகரம் கியோட்டோ. கோயில்களுக்கும் கைத்தொழில்களுக்கும் பேர்போன ஊர். அங்கே 1941-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி யோகோய் பிறந்தார். அவ்வூரிலுள்ள தோஷிஷா சர்வகலாசாலையில் மின்சார இஞ்சினீயரிங் படித்தார். 1965-ல் நின்டெண்டோ கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்தது.

வீடியோ விளையாட்டு என்றாலே இன்று நின்டெண்டோவின் பெயர் நினைவுக்கு வருகிறது. அன்றோ அது சீட்டுக்கட்டுக் கம்பெனி. பூப்படம் போட்ட ஹனஃபுடா சீட்டுகளைச் செய்வதற்காக 1889-ல் தொடங்கப்பட்டது. சீட்டு செய்யும் யந்திரங்களைப் பார்த்துக்கொள்வதும், பழுதானால் சரிசெய்வதுமே யோகோயின் உத்தியோகம். யந்திரங்கள் ஒழுங்காக ஓடின. இஞ்சினீயருக்குப் பொழுது போகவில்லை.

பொழுதுபோக்காக ஒரு சாமானைச் செய்தார். கத்தரிக்கோல்போல் ஒன்றின் குறுக்கே ஒன்றாகக் கோத்த பட்டைகள். முனையிலே இரண்டு பிடிகள். பிடியை அமுக்கினால் பட்டைகள் நீண்டுபோய் எதிரே இருக்கும் பொருளைப் பற்றும். அதை நீட்டியும் மடக்கியும் விளையாடிக்கொண்டிருந்தபோது முதலாளி ஹிரோஷி யமவுச்சி பார்த்துவிட்டார்.

யமவுச்சி கண்டிப்பான மனிதர். அவருடைய அறைக்கு அழைப்பு வந்ததும் வேலை போயிற்று என்றே எண்ணினார் யோகோய். நடந்தது வேறு. அந்தக் கையையே விற்பனைக்கு ஏற்றபடி செய்து தரும்படி முதலாளி உத்தரவிட்டார். 1966-ல் ‘அல்ட்ரா ஹாண்ட்’ என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. 10 லட்சத்துக்கு மேல் விற்றது. யந்திரம் பழுது பார்த்தவர் விளையாட்டுச் சாமான் கண்டுபிடிக்கும் வேலைக்கு மாறினார்.

காதலை அளக்கும் கருவி

1969-ல் அவர் செய்த கருவி வேடிக்கையானது. பெயர் ‘லவ் டெஸ்டர்’. ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு உலோகக் குமிழைப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கோத்துக்கொள்ள வேண்டும். இருவர் உடலின் வழியாகவும் ஓடும் மிகச் சிறிய மின்சாரத்தைக் கருவி அளக்கும். முள் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு காதல்! உள்ளங்கை வியர்த்தால் மின்சாரம் எளிதாக ஓடும், முள்ளும் ஏறும். உள்ளே இருந்தது பள்ளிக்கூடத்து விஞ்ஞானம்தான். ஆனால் நாலு பேர் முன்னே கைகோக்கக் கூச்சப்பட்ட வாலிபர்களுக்கு அது நல்ல சாக்காக அமைந்தது.

அடுத்து வந்தது ஒளித் துப்பாக்கி. 1970-ல் வெளியான இந்தத் துப்பாக்கியில் குண்டு கிடையாது. விசையை அழுத்தினால் ஒளி பாயும். இலக்கில் பொருத்தியிருக்கும் சூரிய மின்கலம் அதை உணர்ந்து, சுட்ட பொருளைச் சாயவைக்கும்.

இதையே பெரிய அளவில் செய்யத் துணிந்தது கம்பெனி. ஜப்பானில் ‘பௌலிங்’ மோகம் அப்போது தணிந்திருந்தது. வெறிச்சோடிக் கிடந்த அந்தக் கூடங்களைத் துப்பாக்கி சுடும் களங்களாக மாற்றினார்கள். சுவரில் பறக்கும் தட்டுகளை ஒளியால் சுட வேண்டும். 1973-ல் தொடங்கிய இந்த விளையாட்டுக்கு ஜனங்கள் திரண்டு வந்தார்கள். ஆனால் அதே ஆண்டின் இறுதியில் பெட்ரோல் நெருக்கடி வந்தது. ஆர்டர்கள் ரத்தாயின. கம்பெனி பெருங் கடனில் மூழ்கியது.

ரெயிலில் கண்ட காட்சி

கடனிலிருந்து கம்பெனி மீள உதவியவற்றுள் ஒன்று ஒரு ரெயில் பிரயாணம். அதிவேக ரெயிலில் ஒரு பிரயாணி, கணக்குப் போடும் சிறு யந்திரத்தின் பொத்தான்களைச் சும்மா தட்டிப் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தார். யோகோய் அதைக் கவனித்தார். பெரியவர்களும் பிறர் அறியாமல் கைக்குள் வைத்து விளையாட ஒரு சாமான் இருந்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது.

பின்னர் ஒரு நாள் முதலாளியின் கார் டிரைவர் வரவில்லை. யோகோய் காரை ஓட்டினார். வழியில் தம் யோசனையைச் சொன்னார். முதலாளி பேசாமல் கேட்டுக்கொண்டார். ஆனால் மறக்கவில்லை. கணக்கு யந்திரங்கள் செய்யும் ஷார்ப் கம்பெனியோடு பேசி ஏற்பாடு செய்துவிட்டார். 1980-ல் ‘கேம் அண்ட் வாட்ச்’ வந்தது. ஒரே பெட்டியில் விளையாட்டும் கடிகாரமும்! அந்த வரிசையில் 4 கோடிக்கு மேல் விற்றன.

யோகோயின் தொழில் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. புத்தம் புதிய கருவியை அவர் தேடியதில்லை. நாட்பட்டு, விலை மலிந்து, குற்றங்குறை தெரிந்துபோன பொருளை எடுத்து, யாரும் நினைக்காத காரியத்துக்குப் பயன்படுத்துவார். கணக்கு யந்திரக் கம்பெனிகள் போட்டி போட்டு விலையைக் குறைத்ததால் மலிந்துபோன சிறு திரை, அவர் கையில் விளையாட்டு அரங்காயிற்று.

1982-ல் சிலுவைக்குறி வடிவத்தில் ஒரு பொத்தானை அமைத்தார். இடது கட்டைவிரல் ஒன்றினாலேயே நான்கு திசைக்கும் பொம்மையை நடத்தலாம். பார்க்காமலே விரலுக்குத் திசை தெரியும். பிறகு வந்த விளையாட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை இந்த அமைப்பைப் பின்பற்றின.

வெற்றியும் தோல்வியும்

1989-ல் ‘கேம் பாய்’ பிறந்தது. திரையில் வர்ணம் கிடையாது. போட்டிக் கம்பெனிகள் வர்ணத் திரையோடு வந்தன. ஆனால் அவற்றின் பாட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்தது. கேம் பாய் நான்கு சிறிய பாட்டரிகளில் நெடுநேரம் ஓடியது. விலையும் குறைவு. பின்னால் வந்த வர்ணப் பெட்டியையும் சேர்த்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றது.

ஏற்றம் கண்டவருக்கு இறக்கமும் வந்தது. 1995-ல் ‘வர்ச்சுவல் பாய்’ வெளியாயிற்று. கண்களைப் புதைத்துப் பார்த்தால் காட்சி ஆழத்தோடு தெரியும். ஆனால் எல்லாம் சிவப்பும் கறுப்புமே. கழுத்து வலித்தது, கண் வலித்தது என்றார்கள். 8 லட்சம்கூட விற்கவில்லை. ஓராண்டுக்குள் கம்பெனி அதைக் கைவிட்டது.

1996 ஆகஸ்டில் யோகோய் ராஜினாமா செய்தார். தோல்விதான் காரணம் என்று ஊர் பேசியது. அவர் அதை மறுத்தார். தனியே தொழில் நடத்துவது அவருடைய நெடுநாள் விருப்பம். கியோட்டோவில் ‘கோட்டோ’ என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். பண்டாய் கம்பெனிக்காக ஒரு புதிய கைப்பெட்டியை உருவாக்கும் வேலையில் இறங்கினார்.

விதி விடவில்லை. 1997 அக்டோபர் 4-ந் தேதி, இஷிகாவா மாகாணத்தில் அவர் சென்ற கார் ஒரு லாரியில் மோதியது. சேதத்தைப் பார்க்க இறங்கியவர்மீது மற்றொரு கார் மோதிவிட்டது. 56 வயதில் அவர் வாழ்வு முடிந்தது. 1999-ல் ‘வொண்டர்ஸ்வான்’ என்ற பெயரில் அந்தக் கைப்பெட்டி வெளிவந்தபோது, அதற்கான ஒரு விளையாட்டுக்கு ‘குன்பெய்’ என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

கையை வீசு, காலம் மாறும்

2006-ல் நின்டெண்டோ ‘வீ’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. பொத்தான்களைத் தட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். கையிலுள்ள சிறு கோலை வீசினால் திரையில் மட்டை வீசும். அசைவை உணரும் சில்லு புதிதல்ல. விபத்தின்போது காருக்குள் காற்றுப்பையை விரிக்க முன்பே பயன்பட்டு மலிந்த வகைதான் அது.

அவ்வாண்டே வந்த ‘வாரியோவேர்’ விளையாட்டு இன்னும் கூத்து. கோலை மூக்கில் வைத்தால் யானைத் துதிக்கை. தலையில் வைத்தால் குடுமி. உள்ளங்கையில் வைத்தால் ஹோட்டல் பரிமாறுபவரின் தட்டு. ஒவ்வொரு ஆட்டமும் சில விநாடிகளே. யோகோயிடம் தொழில் கற்றவர்கள் வளர்த்த வரிசை அது. ‘வீ’ 10 கோடிக்கு மேல் விற்றது; பொத்தானைத் தொட்டறியாத தாத்தா பாட்டிகளும் பேரப்பிள்ளைகளோடு எழுந்து நின்று ஆடினார்கள்.

யோகோய் அதைக் காணவில்லை. ஆனால் பழைய பொருளையும் மனிதனின் கையையும் நம்பினால் போதும் என்று, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மரப்பட்டைக் கையை நீட்டிக் காட்டியவர் அவர்தான்.